கார் டயர்: காற்று, ரொட்டேஷன், மாற்றும் நேரம்

டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் பி.எஸ்.ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அளவைப் பார்த்துக் காற்று பிடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு உரியது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, ஆளும் சாமானும் நிறைந்தால் வேறொன்று என்று பிரித்துப் போட்டிருப்பார்கள்.

மாதம் ஒரு முறையும் நெடும்பயணத்துக்கு முன்பும் அளந்து பாருங்கள். வண்டி 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் 4, 5 பி.எஸ்.ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து காற்றை இறக்கினால், ஆறியதும் அளவுக்குக் கீழே போய்விடும். நல்ல டயரிலும் மாதத்துக்கு 1 பி.எஸ்.ஐ போலக் குறையும். ஒன்று மட்டும் வேகமாக இறங்கினால் வால்வு மூடியைக் கழற்றி, வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழ் எழும்பினால் வால்வுக்குள் இருக்கும் ஊசி கெட்டுவிட்டது. எழும்பவில்லை என்றால் ஆணி தேடுங்கள்.

காற்று குறைந்த டயரை வேகமாக ஓட்டுவது பெரிய ஆபத்து. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடிந்து நிமிர, உள்ளே சூடு ஏறி, ரப்பரும் இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். அப்புறம் டயர் வெடிக்கும்.

ரொட்டேஷனுக்கு, அதாவது டயர்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போடுவதற்கு முன் தேய்மானத்தைப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் அதிகமாக. ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் சோதிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையால் டயரின் குறுக்கே மெல்லத் தடவுங்கள். போகும்போது வழுவழுப்பாகவும் திரும்பும்போது ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) விலகியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் டயரை இடம் மாற்றினால், இரண்டு டயரைத் தின்ற கோளாறு நான்கையும் தின்னும். அலைன்மென்ட் முதலில், ரொட்டேஷன் பிறகு.

8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை ரொட்டேஷன் போதும். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் நேராகப் பின்னுக்கு. பின் டயர்கள் இடம் வலம் மாறி முன்னுக்கு. பின்சக்கர இயக்கத்தில் பின் டயர்கள் நேராக முன்னுக்கு. முன்னவை இடம் வலம் மாறிப் பின்னுக்கு. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால், அந்தந்தப் பக்கத்திலேயே முன்பின் மட்டும் மாற்றுங்கள். முன்னும் பின்னும் டயர் அளவு வேறுவேறு என்றால் முன்பின் மாற்றவே கூடாது.

நீங்களே செய்வதாக இருந்தால் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு முழு பலத்தோடு இழுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கி தூக்குவதற்குத்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். மாட்டும்போது நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, தரையில் இறக்கிய பின் டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு முடியுங்கள். பல கார்களில் அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். காற்றுத் துப்பாக்கியால் அளவில்லாமல் முறுக்கினால் போல்ட் நீண்டு பலம் இழக்கும். நடுவழியில் பஞ்சரானால் உங்கள் ஸ்பேனருக்கு நட்டு அசையாது. மரையில் கிரீஸ் பூச வேண்டாம். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள். முன்பின் காற்றளவு வேறு என்றால் அதையும் இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

புது டயர் எப்போது? டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் டிரெட்டோடு (சாலையைத் தொடும் ரப்பர் பரப்பு) சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மி.மீ. பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு அதுதான். அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. அதற்குக் கீழே போனால் மழைத் தண்ணீரைப் பள்ளங்கள் வெளியேற்றத் திணறி, டயர் தண்ணீர்மேல் மிதக்கும். பக்கச்சுவரில் புடைப்பு கண்டால் டிரெட் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரை ஓட்டாதீர்கள். உள்ளே இழை அறுந்துவிட்டது. பக்கச்சுவரில் விழுந்த பஞ்சரை ஒட்டவும் கூடாது. பக்கச்சுவரில் டி.ஓ.டி எழுத்துகளுக்குப் பின்னுள்ள கடைசி 4 இலக்கம் டயரின் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. 6 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் சோதனை வேண்டும். 10 ஆகிவிட்டால் ஓடாத ஸ்டெப்னியானாலும் மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது 185/65 ஆர்15 88எச் போன்ற குறியீட்டில் கடைசிப் பகுதியையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. இவை காருக்குக் குறித்ததைவிடக் குறையக் கூடாது. வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னுக்குத்தான், முன்சக்கர இயக்கக் காரிலும். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாவது கைக்குத் தெரியும், வேகத்தைக் குறைத்து மீளலாம். பின் டயர் வழுக்கினால் முன்னறிவிப்பில்லாமல் வண்டியின் பின்பாகம் சுழன்றுவிடும்.