ஏற்காட்டு வீட்டிலிருந்து கேம்பஸ் சர்வர் ஃபைலை எடுப்பது எப்படி

சேலத்தில் ஆய்வு செய்துகொண்டு ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், கேம்பஸ் சர்வரில் கிடக்கிற அந்த ஒரு எக்செல் ஷீட் இன்றைக்கே வேண்டும் என்று கைடு போன் பண்ணுவார். அதற்காக மறுபடி கீழே இறங்க வேண்டாம்.

ஆனால் பாதி வேலையைக் கேம்பஸில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். லேப் கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி' திறந்தால் நெட்வொர்க் டிரைவின் பெயரிலேயே ஷேர் ஃபோல்டரும் சர்வர் பெயரும் தெரியும், அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கம்ப்யூட்டர் சென்டரில் விபிஎன், அதாவது வெளியிலிருந்து கேம்பஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்புக்கு, அனுமதி கேளுங்கள். பல இடங்களில் துறைத்தலைவர் கையெழுத்து இல்லாமல் தரமாட்டார்கள், அதனால் அவசரம் வருவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது. சர்வரின் முழுப் பெயர், லாகின் பெயருக்கு முன்னால் போட வேண்டிய டொமைன் பெயர், இரண்டையும் அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

விபிஎன் எதற்கு என்றால், ஷேர் ஃபோல்டர்கள் எஸ்எம்பி என்ற முறையில், 445 என்ற போர்ட் (நெட்வொர்க்கின் ஒரு வாசல் எண்) வழியாக ஓடுகின்றன. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்ட வான்னாகிரை என்ற மால்வேர் பரவியது விண்டோஸ் எஸ்எம்பியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்தப் போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறந்து வைப்பது ஆபத்து, அதனால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் வெளியிலிருந்து நேராகப் போக முடியாது. விபிஎன் போட்டால் உங்கள் லேப்டாப் கேம்பஸுக்குள் இருப்பது மாதிரி ஆகிவிடும்.

சரி, வீட்டில் விபிஎன் கனெக்ட் ஆனதும் 'திஸ் பிசி' போய் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' தேர்ந்தெடுங்கள். இரண்டு பேக்ஸ்லாஷ், சர்வரின் முழுப் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், ஃபோல்டர் பெயர் என்று அடித்து, 'கனெக்ட் யூசிங் டிஃபரன்ட் கிரெடென்ஷியல்ஸ்' என்பதை டிக் செய்து, கேம்பஸ் லாகின் கொடுங்கள். லேப்பில் வேலை செய்த சுருக்கப் பெயர் வீட்டில் பல நேரம் எடுக்காது, முழுப் பெயரையே போடுங்கள். மேக்கில் ஃபைண்டரின் 'கோ' மெனுவில் 'கனெக்ட் டு சர்வர்' இருக்கிறது.

விபிஎன் பச்சை காட்டியும் சர்வர் கிடைக்கவில்லையா? உங்கள் வீட்டு ரவுட்டரும் கேம்பஸும் 192.168.1 என்று ஒரே ஐபி முகவரி எண் வரிசையில் இருக்கலாம். அப்போது லேப்டாப் அந்தச் சர்வரை உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள், கிடைத்துவிட்டால் சிக்கல் இதுதான், ரவுட்டரின் எண் வரிசையை மாற்றிவிடுங்கள்.

இனி சொல்வதுதான் மலைமேல் இருக்கிற நமக்கு முக்கியம். ஃபைலை சர்வரில் வைத்தபடியே திறந்து வேலை செய்யாதீர்கள். எஸ்எம்பி ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் சர்வரோடு போய்வந்து பேசும், லைன் மெதுவாக இருந்தால் சேவ் கொடுத்தாலே திரை உறைந்து நிற்கும். ஒரு மழை நாளில் நான் சேவ் கொடுத்த நேரம் கரண்ட் போய் விபிஎன் அறுந்து, ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம் பாதியோடு கெட்டுப்போனது, அதைத் திரும்ப எழுத நாலு நாள் ஆனது. அதிலிருந்து ஃபைலை டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்து, அங்கே வேலை முடித்து, பெயரில் தேதி சேர்த்துத்தான் திருப்பி ஏற்றுகிறேன். அதே ஃபைலைத் தொடுகிற லேப் நண்பர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்.

பெரிய ஃபைல் என்றால் விண்டோஸிலேயே இருக்கிற ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளையை, /Z என்ற சுவிட்ச் சேர்த்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டுங்கள், நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கேம்பஸில் எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான ஃபைல் பரிமாற்ற வசதி தருகிறார்கள் என்றால், அதற்கான வின்எஸ்சிபி சாஃப்ட்வேர் இன்னும் வசதி.

பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இது எதையும் செய்யாதீர்கள், துறை முழுவதன் தரவும் அந்த ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டிலும் வேலை முடிந்ததும் டிரைவை டிஸ்கனெக்ட் செய்து விபிஎன்னை அணைத்துவிடுங்கள்.