ஆங்கிலத்தில் பிரதிப்பெயர், வினை, முன்னிடைச்சொல் ஆகியவற்றை இணைக்கும் முறை

தமிழில் ‘வந்தேன்’ என்றாலே வந்தவர் யார் என்பது விளங்கிவிடும்; ஆங்கில வினையில் அத்தகைய விகுதி இல்லாததால், ‘ஐ கேம்’ என்று பிரதிப்பெயரை (‘ஐ’, ‘ஹீ’ போல, பெயருக்குப் பதிலாக வரும் சொல்லை) முன்னால் நிறுத்தியே தொடங்க வேண்டும்.

‘அவனுக்காகக் காத்திருந்தேன்’ என்பதில் ‘க்காக’ பெயரின் இறுதியில் ஒட்டுகிறது. ‘ஐ வெயிட்டட் ஃபார் ஹிம்’ என்பதிலோ ‘ஃபார்’ தனிச்சொல்லாகப் பெயருக்கு முன்னே நிற்கிறது; இத்தகைய சொல்லே முன்னிடைச்சொல். அதைத் தொடர்ந்து வருவதால் ‘ஹீ’ என்பது ‘ஹிம்’ ஆகிறது. ஐ, ஷீ, வீ, தே ஆகியவை இவ்விடத்தில் முறையே மீ, ஹெர், அஸ், தெம் என்று மாறும்; யூ, இட் மாறுவதில்லை.

எந்த வினைக்கு எந்த முன்னிடைச்சொல் என்பதைத் தமிழிலிருந்து ஊகிக்க முயல வேண்டாம். ‘லுக் அட் ஹெர்’ என்றால் அவளைப் பார்ப்பது, ‘லுக் ஃபார் ஹெர்’ என்றால் தேடுவது, ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றால் பராமரிப்பது. ஆகவே, வினையையும் முன்னிடைச்சொல்லையும் ஒரே சொல்லாகக் கருதி, முழு வாக்கியத்தோடு மனத்தில் பதித்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ‘டிஸ்கஸ்’ போன்ற சில வினைகளுக்கு முன்னிடைச்சொல்லே வேண்டாம்: ‘வீ டிஸ்கஸ்ட் இட்’ என்பதே சரி, இடையில் ‘அபௌட்’ வராது.

பலரும் இடறும் இடம் ‘பிக் அப்’ (எடுப்பது) போன்ற, வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்த கூட்டுவினைகள். ‘பிக் அப் த புக்’, ‘பிக் த புக் அப்’ இரண்டும் சரியே; ஆனால் புத்தகத்துக்குப் பதிலாக ‘இட்’ வந்தால், அது நடுவில்தான் அமர வேண்டும்: ‘பிக் இட் அப்’. ‘லுக் ஆஃப்டர்’ இவ்வாறு பிரியாது. அங்கே ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றே சொல்ல வேண்டும்.