தூங்கா நகரத்துக்குத் தூக்கம் மாறும் பிள்ளையோடு போகிறவர்களுக்கு

லண்டனில் இருந்து கைப்பிள்ளையோடு மதுரைக்குக் கிளம்புகிறவர்கள், டிக்கெட் போடும் முன் ஒரு கணக்குப் பார்த்துவிடுங்கள். கோடையில் ஊர் நமக்கு 4½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது, குளிர்காலத்தில் 5½. இங்கே காலை 6 மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அங்கே 10.30 வரை அசையாது. இங்கே 7 மணிக்குப் படுக்கிறவன் அங்கே நள்ளிரவு வரை வீட்டைச் சுற்றிவருவான்.

இதற்கு மேல் வயசு வேறு. பிறந்த புதிதில் பகலில் நாலைந்து தூக்கம், ஆறேழு மாதத்தில் இரண்டு மூன்று. ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் இரண்டு ஒன்றாகும். அந்த நடுக்காலம்தான் படுத்தும். இரண்டாவது தூக்கத்துக்குப் படுக்க மாட்டான், ஒன்றோடு விட்டால் சாயங்காலம் ஊரைக் கூட்டுவான். முடிந்தால் அப்போது பயணம் வைக்காதீர்கள். எங்களுக்கு முடியவில்லை. ஈஸ்டர் விடுமுறைக்கு வருகிறோம் என்று சொன்னதுமே பெரியப்பா காதுகுத்துக்கு நாள் குறித்துவிட்டார்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணியிலிருந்து 10.30க்குள் மொட்டை, காதுகுத்து. வந்து இறங்கிய களைப்புகூடத் தீரவில்லை. 9 மணி என்பது என் மகன் உடம்புக்கு விடிகாலை 4.30. கொஞ்சம் தள்ளி வைக்கலாமா பெரியப்பா என்று போனிலேயே கேட்டேன். "பத்திரிகை அடிச்சாச்சுப்பா" என்றார். ஃபிளெக்ஸும் அடித்திருந்தார்கள். அதில் அவன் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எழுப்பித் தூக்கிக்கொண்டு போய் 9 மணிக்கு உட்கார்ந்தால், தாய்மாமன் சீர் வரவில்லை. தேனியில் இருந்து வேன் வரவேண்டும். மாமன் மடி இல்லாமல் மொட்டை கிடையாது. சீர்த்தட்டு மேளத்தோடு வந்து சேரும்போது 11.30. நேரம் நேரம் என்று பறந்தவர்கள் யாரும் அப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை தோளில் சாயச் சாய, "தூங்க விடாதீக, மொட்டை எடுக்கையில முழிச்சு அலறுவான்" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார் ஓர் அத்தை. தூங்காமலே அலறினான். அப்புறம் கறிச்சோறு, மொய், மரத்துக்கு மரம் ஸ்பீக்கர். சாயங்காலம் காரில் ஏறியதும் செத்த மாதிரித் தூங்கி, இரவு 8 மணிக்கு எழுந்து உட்கார்ந்தான். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அதற்கப்புறம் ஒழுங்குக்கு வருவதற்குள் விடுமுறையே முடியப் பார்த்தது.

"நீ ஊருல இருந்தா உன்னையக் கேட்டுத்தான வச்சிருப்போம்" என்றார் பெரியப்பா, பந்தியில் இலைக்கு முன்னால். அப்பா போன பிறகு அம்மா வீட்டுக்குத் தினமும் ஒரு நடை வந்து பார்ப்பது அவர்தான். நான் சோற்றைப் பிசைந்தேன். நீங்கள் வாயைத் திறக்கலாம், ஆனால் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்னால். ஞாயிறு என்றால் எமகண்டம் 12 மணிக்குத்தான், ராகு காலம் மாலை 4.30க்கு. 10.30 முதல் 12 வரை கேட்டால் காலண்டரைக் காட்டி மறுக்க முடியாது. லண்டன் பிள்ளைக்கு அது தானாக எழுகிற நேரம். சீர் வரும் வேன் எங்கே வருகிறது என்று தெரியாமல் பிள்ளையை எழுப்பாதீர்கள்.

விசேஷம் இல்லாதவர்களுக்கு மதுரை அவ்வளவு மோசமில்லை. மீனாட்சியம்மன் கோயிலே மதியம் 12.30க்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கிறது. சித்திரை வெயிலில் அந்நேரம் எவரும் வெளியே போவதில்லை. ஒரே தூக்கத்துக்கு மாறும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, இரண்டு நாளுக்கு ஒருமுறை எல்லாத் தூக்கத்தையும் கால் மணி, அரை மணி முன்னால் இழுங்கள். போனதும் காலை வெளிச்சத்தில் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போங்கள், உடம்பின் கடிகாரத்தைத் திருப்புவது அதுதான். 4 மணிக்கு மேல் தூங்க விடவேண்டாம். மதியம் சரியாகத் தூங்கவில்லை என்றால் இரவில் சீக்கிரம் படுக்கப் போடுங்கள். ஒன்றிரண்டு வயதில் பகலும் இரவும் சேர்ந்து 11 முதல் 14 மணி நேரம் தேறினால் போதும். பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் நாளிதழில் முன்கூட்டியே வரும். அன்று இன்வெர்ட்டர் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போய்விடுவது நல்லது.

தொட்டிலுக்கும் ஒரு பஞ்சாயத்து உண்டு. அம்மா பழைய சேலையை உத்தரத்துக் கொக்கியில் கட்டினார். நான் கிடந்த கொக்கி. உறுதியான, சமதளமான படுக்கையில்தான் பிள்ளை தூங்கவேண்டும் என்று இங்கே செவிலியர் சொல்லியிருந்ததால் மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. ஆட்டித் தூங்கவைத்து, கண் செருகியதும் பாயில் மாற்றிப் போடுவது என்று முடிவானது. நாங்கள் பாடாய்ப்பட்டும் தூங்காதவன் அம்மா ஆட்டினால் தூங்கினான். "வருசத்துக்கு ஒருக்கா வந்தா எப்படிப்பா பழகும்" என்று அவர் சொன்னது பிள்ளையைப் பற்றித்தான் என்று வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் எல்லாம் தலைகீழ். அங்கே 6.30க்கு எழுந்து பழகியவன் இங்கே 2 மணிக்கு எழுந்து விளையாடக் கூப்பிடுவான். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாக விடுப்புப் போட்டுவையுங்கள். அந்நேரத்துக்கு மதுரைக்குப் போன் போட்டால் எடுப்பார்கள், ஆனால் பிள்ளையைத் தூங்கவைக்கத் தெரியவில்லை என்று நமக்குத்தான் திட்டு விழும்.