புது மீனைப் பழைய மீன்கள் விரட்டாமல் உப்புநீர்த் தொட்டியில் சேர்ப்பது எப்படி?

ஒரு நாள் காலையில் தொட்டி விளக்கைப் போட வந்தபோது, ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் என் ஃபயர்ஃபிஷ் காய்ந்து கிடந்தது. வாங்கி இரண்டே நாள். தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். அம்மோனியா இல்லை, உப்பளவு சரியாக இருந்தது, வெப்பநிலையும் சரி. ஒன்றரை ஆண்டாகத் தொட்டியில் இருந்த, விரல் நீளம்கூட இல்லாத சிக்ஸ் லைன் ராஸ், புதிதாக வந்த மீனை ஒரு பொந்திலும் தங்க விடவில்லை. கீழே ஒதுங்க இடம் கிடைக்காத மீன் மேலே எகிறிக் குதித்துவிட்டது. பையிலிருந்து நேரே தொட்டியில் விட்டது நான்தான். அதன் பிறகு ஒரு மீனையும் நான் அப்படி விட்டதில்லை.

கடலில் தோற்ற மீனுக்கு ஒரு வழி இருக்கிறது, ஓடிவிடலாம். சில மீட்டர் தள்ளிப் போய்விட்டால், விரட்டிய மீன் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். சண்டை அதோடு முடிந்தது. நான்கடித் தொட்டியில் எந்த மூலைக்கு ஓடினாலும் விரட்டும் மீனின் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதனால் துரத்தல் முடிவதே இல்லை. பழைய மீன் கெட்ட மீன் அல்ல. தன் பொந்தையும் தன் மேய்ச்சல் பாறையையும் காக்கிறது, அவ்வளவுதான். நம் வேலை, புதிதாக வந்த மீனை அது அன்னியனாகப் பார்க்காத நிலையை உண்டாக்கிய பிறகு கதவைத் திறப்பது.

படி 1: வாங்கும் முன்பே பொருத்தம் பாருங்கள்

பாதிச் சண்டை கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தொட்டியில் இருக்கும் மீனைப் போன்ற உடலமைப்பு, அதே நிறம், அதே உணவு, அதே வகைப் பொந்து. இவற்றில் எத்தனை ஒத்துப்போகிறதோ அத்தனைக்குச் சண்டை வலுக்கும். யெல்லோ டேங் என்ற மீன் இருக்கும் தொட்டியில் பர்ப்பிள் டேங் மீனை விட்டால் தகராறு நிச்சயம். இரண்டும் ஒரே பேரினம், ஒரே தட்டையான உருவம், ஒரே பாசியை மேய்பவை. அதே யெல்லோ டேங், மணலில் உட்கார்ந்திருக்கும் கோபி மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

சேர்க்கும் வரிசையும் முக்கியம். சாதுவான மீன்கள் முதலில், முரட்டு மீன்கள் கடைசியில். டாம்செல், டாட்டிபேக், சிக்ஸ் லைன் ராஸ், மரூன் கோமாளி மீன், டேங் வகைகள் ஆகியவை எல்லாம் பட்டியலின் கடைசியில் வரவேண்டியவை. டாம்செல் எதையும் தாங்கும் மீன் என்பதால், புதுத் தொட்டியைத் தொடங்கி வைக்க அதையே முதலில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டோமினோ டாம்செல் குட்டியாக இருக்கும்போது பொட்டு வைத்த கறுப்பு மணி மாதிரி அழகாகத்தான் இருக்கும். வளர்ந்த பிறகு முழுத் தொட்டியும் அதன் சொத்து.

கோமாளி மீன்கள் தனிச் சங்கதி. அவற்றில் எதுவும் பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்குவதில்லை. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது, அடுத்தது ஆணாக அதற்கு அடங்கி நடக்கிறது. ஆகவே ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று வாங்கினால் சின்னது உடலைச் சிலிர்த்து நடுக்கிக் காட்டிப் பணிந்துவிடும். இரண்டும் சம அளவில், இரண்டும் வளர்ந்தவையாக இருந்தால் விட்டுக்கொடுக்க ஆளிருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எந்த உத்தியும் பொருந்தாத இணையைப் பொருத்திவிடாது. மரூன் கோமாளி வாழும் தொட்டிக்கு வேறு கோமாளி இனத்தைக் கொண்டுவராதீர்கள். படி 3-இல் வரும் பெட்டியில் பத்து நாள் வைத்தாலும் பதினோராம் நாள் அடிதான்.

படி 2: முதலில் தனிமைத் தொட்டி

வாங்கி வந்த மீனைக் குறைந்தது நான்கு வாரம் தனிமைத் தொட்டியில், அதாவது பழைய மீன்கள் இல்லாத வேறொரு தொட்டியில் வையுங்கள். நோய்க்காகத்தான் எல்லோரும் இதைச் சொல்வார்கள், அது சரிதான். உப்புநீர் மீன்களுக்கு வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி, அடிபட்டுச் சோர்ந்த மீனைச் சுலபமாக வீழ்த்திவிடும். ஆனால் சண்டை விஷயத்திலும் இந்த நான்கு வாரம் பெரிய உதவி. பயணத்தில் இளைத்து, சாப்பிடாமல், நிறம் மங்கி வந்த மீன் தொட்டியில் இறங்கியதும் பழைய மீன்களுக்கு அதன் பலவீனம் தெரிந்துவிடும். குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது மீன்களுக்கும் பொருந்தும். நான்கு வாரம் மைசிஸ் இறால் தின்று வயிறு திரண்ட மீன் திருப்பி நின்று பார்க்கும்.

தனிமைத் தொட்டியில் மணலோ பாறையோ வேண்டாம். ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். உப்பளவைப் பெரிய தொட்டியின் அளவுக்கே கொண்டுவந்து வையுங்கள். இரண்டிலும் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பளவைக் காட்டுவது) 1.025 என்றால், மாற்றும் நாளில் மீனைச் சொட்டு நீரில் மணிக்கணக்காகப் பழக்க வேண்டிய வேலை மிச்சம்.

படி 3: துளையிட்ட பெட்டி

இந்த முறையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: புது மீனைப் பெரிய தொட்டிக்குள்ளேயே, பழைய மீன்கள் பார்க்கும்படி, ஒரு பெட்டியில் சில நாள் வைப்பது.

நிறமற்ற அக்ரிலிக் பெட்டி. நான்கு பக்கமும் துளைகள், மேலே மூடி, தொட்டிக் கண்ணாடியின் உட்புறம் தொங்கவிடக் கொக்கி. மீன் நன்றாகத் திரும்பி நீந்தும் அளவுக்கு இடம் வேண்டும். உள்ளே ஒரு குழாய்த் துண்டைப் போடுங்கள். இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் வகையாக இருந்தால், ஒரு சின்னக் கிண்ணத்தில் மணல் நிரப்பி வையுங்கள். பெட்டி கிடைக்கவில்லை என்றால், பிளாஸ்டிக் கட்டத் தடுப்பை வெட்டித் தொட்டியின் ஒரு மூலையை மறித்தாலும் அதே பலன்.

எங்கே தொங்கவிடுவது? எல்லா மீன்களும் பார்க்கும் இடத்தில், தண்ணீரோட்டம் துளைகள் வழியே போய்வரும்படி. ஆனால் முரட்டு மீன் தூங்கும் பொந்தின் வாசலில் வேண்டாம்.

இரண்டாவது ஃபயர்ஃபிஷ்ஷை நான் இப்படித்தான் கொண்டுவந்தேன். முதல் நாள் சிக்ஸ் லைன் ராஸ் பெட்டியை விட்டு அகலவே இல்லை. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, துடுப்புகளை முழுவதும் விரித்து, பெட்டியின் சுவரோடு ஒட்டி மேலும் கீழும் போய்வந்தது. துளைக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தது. உள்ளே ஃபயர்ஃபிஷ் குழாயிலிருந்து பாதி உடலை மட்டும் வெளியே நீட்டி, முதுகில் ஈட்டிபோல் நீண்டிருக்கும் துடுப்பைப் படக் படக்கென்று தூக்கித் தாழ்த்திக்கொண்டிருந்தது. பார்க்க மனம் பதறும். ஆனால் அத்தனை கோபமும் அக்ரிலிக்கில் மோதித் திரும்புகிறது. ஒரு செதில்கூட உதிரவில்லை.

மூன்றாம் நாள் ராஸ் வந்தது, நின்றது, போனது. வருகைகளுக்கு இடைவெளி கூடியது. ஐந்தாம் நாள் இரை போட்டபோது பெட்டியின் ஓரமாகவே நீந்திப் போய் இறாலைக் கவ்வியது, உள்ளே இருந்த மீனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதே நேரத்தில் ஃபயர்ஃபிஷ் முழு உடலோடு வெளியே வந்து தன் பங்கைத் தின்றது.

நான் எதிர்பார்க்கும் அடையாளங்கள் இவை இரண்டுதான்: உள்ளே இருப்பது தயங்காமல் சாப்பிட வேண்டும், வெளியே இருப்பது ஒரு முழு நாளாவது பெட்டியைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும். மூன்று நாளில் இது நடக்கலாம், ஒரு வாரமும் ஆகலாம். டேங் மீன்களுக்காக இரண்டு வாரம் காத்திருந்ததும் உண்டு. நாள்காட்டியைப் பார்த்துத் திறக்காதீர்கள், மீனைப் பார்த்துத் திறங்கள். இந்த நாள்களில் பழைய மீன்களுக்கு இரையைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே போடுவது நல்லது. அருகருகே சாப்பிட்டுப் பழகிய மீன்களுக்குள் வெறி தணிகிறது.

டேங் மீன்களுக்கு மட்டும் கண்ணாடி உத்தியும் கைகொடுக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பெட்டிக்கு எதிர்ப்புறம், தொட்டியின் வெளிப்பக்கத்தில் சாய்த்து வைத்தால், பழைய டேங் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டப் போய்விடும். நாளுக்குச் சில மணி நேரம் போதும். நாள் முழுவதும் வைத்தால் அதுவே அந்த மீனுக்குச் சித்திரவதை.

படி 4: திறக்கும் நாள்

மாலையில் திறங்கள். பழைய மீன்களுக்கு வயிறு நிறைய இரை போட்டுவிட்டு, விளக்கை அணைத்து, அறை வெளிச்சத்தில் மூடியையோ பக்கக் கதவையோ திறந்து விலகி நில்லுங்கள். வலையில் அள்ளி வெளியே கொட்டாதீர்கள். அது தானாக வரட்டும்.

திறப்பதற்கு முன் சில பாறைகளை இடம் மாற்றி வையுங்கள். எல்லையே கலைந்துவிட்டால் பழைய மீனும் புதிதாக வந்த மீனைப்போல் இடம் தேடத் தொடங்கும். பவளங்கள் ஒட்டியிருக்கும் தொட்டியில் இதை முழுதாகச் செய்ய முடியாது, ஒரு மூலையை மாற்றினாலும் போதும். மாற்றும்போது இரண்டு வாசல் உள்ள பொந்துகளாக அமையுங்கள். ஒரே வாசல் உள்ள பொந்து, விரட்டப்படும் மீனுக்குப் பொறி.

சாதுவான சின்ன மீன்களாக இருந்தால் இரண்டைச் சேர்த்தே திறந்துவிடலாம், அடி ஒன்றின் மேலேயே விழாது. அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். கழிவு திடீரென்று கூடினால், அதைச் சிதைக்கும் ஃபில்டர் பாக்டீரியாவால் ஈடுகொடுக்க முடியாது.

தொட்டியின் மேல் வலை மூடி போடாமல் இந்தப் படிக்கே வராதீர்கள். கால் அங்குலக் கண் உள்ள வலை, இடைவெளி இல்லாமல். என் முதல் ஃபயர்ஃபிஷ் இறந்தது மூடியில் வயர் போகும் சின்ன இடைவெளி வழியாக.

படி 5: எது சாதாரணம், எது ஆபத்து

முதல் 48 மணி நேரம் அடிக்கடி பாருங்கள். சற்றுத் துரத்தல் இருக்கும், அதைக் கண்டதும் வலையோடு ஓடாதீர்கள். இரண்டடி விரட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவது, பக்கவாட்டில் நின்று துடுப்பை விரித்துக் காட்டுவது, சாப்பாட்டு நேரத்தில் முட்டித் தள்ளுவது எல்லாம் இடம் பேசித் தீர்த்துக்கொள்வதுதான். ஓரிரு நாளில் அடங்கும்.

பொந்துக்குள்ளும் விடாமல் நுழைந்து வெளியே இழுப்பது வேறு. துடுப்பு கிழிந்திருந்தால், செதில் உதிர்ந்து வெள்ளைத் திட்டுத் தெரிந்தால், புதிதாக வந்த மீன் நிறம் வெளிறி நீர்மட்டத்தின் மூலையில் ஒண்டி வேகமாகச் செவுள் அடித்துக்கொண்டிருந்தால், இரைக்குக்கூட இறங்கி வராவிட்டால், அன்றே தலையிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடும் விஷயம் அல்ல. டேங் மீன்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் அவற்றுக்குக் கத்திபோன்ற முள் இருக்கிறது. வாலை எதிரியின் பக்கம் திருப்பி அடித்தால் ஒரே வீச்சில் ஆழமான காயம். உங்கள் கையையும் அது கிழிக்கும்.

தலையிடுவது என்றால் யாரை எடுப்பது? எல்லோரும் அடிபட்ட மீனைத்தான் எடுப்பார்கள், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அடிக்கிற மீனை எடுங்கள். அடிபட்டது மறுபடி பெட்டிக்குப் போனால், திரும்ப வரும்போது மீண்டும் புதிய ஆள்தான். அடிப்பதைப் பெட்டியில் வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் மற்றது பொந்து பிடித்து, தைரியம் பெற்று, தொட்டிக்கு உரியதாகிவிடும். பிறகு விளக்கணைந்த நேரத்தில் முரடனைத் திரும்ப விடுங்கள். இப்போது வந்து சேர்கிறவன் அவன். பிடிப்பதற்கு வலையோடு பாறைகளுக்கிடையே துரத்த வேண்டாம். ஒரு பக்கம் திறக்கும் பொறிப் பெட்டிக்குள் இறாலை வைத்துப் பசியோடு காத்திருக்கச் செய்தால், முரட்டு மீன்தான் முதலில் நுழையும்.

இரண்டு முறை இப்படிச் செய்தும் அடங்காவிட்டால், அந்த மீனுக்கு வேறு தொட்டி தேடிக் கொடுத்துவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

இதோடு சேர்த்து, முதல் இரண்டு வாரத்துக்கு இரையை நாளுக்கு மூன்று முறையாகப் பிரித்து, தொட்டியின் இரு முனைகளிலும் போடுங்கள். டேங் இருந்தால் கடற்பாசித் தாளை இரண்டு கிளிப்பில், எதிரெதிர் மூலையில் மாட்டுங்கள். ஒரு மீன் இரண்டு கிளிப்பையும் ஒரே நேரத்தில் காக்க முடியாது.

படி 6: பெட்டியை எப்போது எடுப்பது

திறந்த அன்றே கழற்றிவிடாதீர்கள். ஒரு வாரமாக அதன் வீடு அது. என் ஃபயர்ஃபிஷ் முதல் இரண்டு இரவும் தானாகவே பெட்டிக்குள் திரும்பி, அதே குழாய்த் துண்டில் படுத்துக்கொண்டது. பகலில் ராஸ் இரண்டு முறை விரட்டியது, இரண்டு முறையும் நேரே அங்கேதான் ஓடியது. மூன்றாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டி காலியாக இருந்தது. நெஞ்சு திக்கென்றது, உடனே தரையைத் தேடினேன். பிறகு வெளிச்சத்தை மெதுவாகப் பாறை ஓரமாக நகர்த்தியபோது, இடப்பக்கப் பாறைக்கு அடியில், மணலை ஒட்டிய சின்ன ஓட்டையிலிருந்து அந்த ஈட்டித் துடுப்பின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மறுநாள் காலையில் பெட்டியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன்.