பழைய ஜிப்ஸியா, புதிய சிறு காரா: மலையில் வைத்து ஒப்பிடும் முறை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வீடோ தோட்டமோ வைத்திருப்பவர், 1985-இல் அறிமுகமான, ஜீப் வகையைச் சேர்ந்த மாருதி ஜிப்ஸியில் பழையது ஒன்றையும் இன்றைய ஆல்டோ கே10 போன்ற சிறு காரையும் ஒப்பிட நினைத்தால், முதலில் தார் சாலை முடியும் இடத்திலிருந்து தம் வாசல் வரை நடந்து பார்க்க வேண்டும். கோத்தகிரிப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்வதால், ஐப்பசியில் ஒரு மழை நாளுக்கு மறுநாள் நடப்பது நல்லது. இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் மண்ணின் உயரத்தை அளந்துகொண்டு, நான்கு பேர் உட்கார்ந்த நிலையில் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்தால், பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அந்த மண் பாதையில் ஜிப்ஸிக்கு ஈடு கிடையாது. எஞ்சின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் நான்கு சக்கர இயக்கத்தில், மெதுவாக ஆனால் வலுவாக இழுக்கும் லோ கியரைப் போட்டால், ஆக்சிலரேட்டரை அழுத்தாமலேயே வண்டி ஊர்ந்து ஏறும். ஆனால் அந்த இயக்கத்தில் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்படுவதால், உலர்ந்த தார் சாலையில் அதைப் பயன்படுத்தினால் வளைவுகளில் கியர் பாகங்கள் இறுகித் தேயும். சேற்றுக்கும் வழுக்கலுக்கும் மட்டுமே அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்தை வைத்து மட்டும் வண்டியை எடைபோடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஏறுவதில் இரண்டுக்குமே இழப்பு உண்டு: ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புதிய கார் அதற்கேற்பப் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் என்ற பழைய கருவி உள்ள வண்டியோ தேவைக்கு மிஞ்சிக் குடித்துக் கரும்புகை விடும். உயிருக்கு ஆபத்து வருவது இறக்கத்தில்தான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை, ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில், இரண்டு வண்டிகளையும் ஒரே அளவு ஆட்களோடு இறக்கிப் பாருங்கள். அடிவாரத்தில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்குகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பழசானால் சூட்டில் கொதித்து ஆவியாகி மிதியைச் செயலற்றதாக்கும் என்பதால், சோதிக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும், பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். பழைய ஜிப்ஸியில் அது கிடையாது, காற்றுப்பையும் கிடையாது. குழந்தைகளையும் வயதானவர்களையும் நாள்தோறும் ஏற்றிச் செல்பவர் இதைச் சிறிய குறையாக எண்ணலாகாது.

தார் சாலை வாசல் வரை வருமானால் சிறு காரையே வாங்குங்கள். கொண்டை ஊசி வளைவில் அது எளிதாகத் திரும்பும், சந்தைக் கடை வீதியில் இடுக்கிலும் நிற்கும்.

ஜிப்ஸிதான் என்று முடிவானால், ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் பதிவுக்காலத்தைப் பாருங்கள். 15 ஆண்டு கடந்திருந்தால் தகுதிச் சோதனையோடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, சேஸிஸ் எனும் அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கத்தை, குறிப்பாக ஸ்பிரிங் பொருந்தும் இடங்களை, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே புதுப் பெயிண்ட் பளபளத்தாலும், பனியிலும் மழையிலும் நின்ற வண்டி அங்கேதான் துருப்பிடிக்கும். முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம்.