அட்டாரி 2600-க்கு ஒரு ஆர்கேட் ஜாய்ஸ்டிக் செய்வோம்

அட்டாரி 2600 என்ற பழைய வீடியோ கேம் கன்சோலின் சி.எக்ஸ்.40 ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதன்மேல் ஐந்து தகட்டு சுவிட்சுகள், அவ்வளவுதான். திசைக்கு நான்கு, சுடுவதற்கு ஒன்று. சிப் எதுவும் கிடையாது. எலக்ட்ரானிக்ஸில் முதன்முதலாகக் கை வைப்பவர்களுக்கு நான் இந்த வேலையைச் சொல்வது இதனால்தான். ஆர்கேட் எனும் விளையாட்டுக் கூடங்களின் மெஷின்களில் இருப்பது போன்ற நல்ல சுவிட்சுகளைப் போட்டு ஒயரைச் சரியாகச் சேர்த்தால் போதும்.

எதை வாங்குவது?

ஜப்பானிய ஸ்டிக்கில் பிடி உருண்டையாக இருக்கும். லேசாகத் தள்ளினாலே சாயும். அமெரிக்க ஸ்டிக்கின் பிடி நீளமானது, விறைப்பும் கூடுதல். என் கைக்கு ஜப்பானிய சன்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் ஸ்டிக்தான் பிடித்திருக்கிறது.

மரப்பெட்டி செய்பவர்கள் பட்டன் வாங்கும்போது கவனியுங்கள். சன்வாவின் ஓபிஎஸ்எஃப்-30 அழுத்தி மாட்டும் வகை. மெல்லிய தகட்டைத்தான் கவ்வும். பலகைக்கு மரையில் முறுக்கும் ஓபிஎஸ்என்-30 வாங்குங்கள். இரண்டுக்கும் 30 மி.மீ. துளை. ஸ்டிக் உட்காரும் இடத்தில் பலகையை அடியிலிருந்து குடைந்து மெல்லியதாக்குங்கள். இல்லையென்றால் பிடி குட்டையாகிவிடும்.

ஒயர் சேர்ப்பது

9 துளை பிளக் உள்ள ஜாய்ஸ்டிக் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை வாங்கி, கன்சோலில் செருகும் முனை நம்மிடம் இருக்கும்படி வெட்டுங்கள். பெரும்பாலான பிளக்குகளில் துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எண் இருக்கும். 1 மேல், 2 கீழ், 3 இடது, 4 வலது, 6 பட்டன், 8 க்ரவுண்ட் (எல்லா சுவிட்சுகளுக்கும் பொதுவான ஒயர்). ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், கேபிளுக்குக் கேபிள் மாறும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, துளைக்குள் ஒரு குண்டூசியை நுழைத்து, எந்த ஒயர் எந்த எண் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

7-ஆம் எண்ணில் 5 வோல்ட் வரும். அந்த ஒயரின் நுனியைத் தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். அது 8-ஐத் தொட்டால் கன்சோலுக்கே ஆபத்து.

ஜேஎல்எஃப்பில் ஐந்து ஒயர் வரும்: ஒன்று பொது க்ரவுண்ட், மற்ற நான்கும் திசைகள். க்ரவுண்டை 8-இல் சேர்த்து, பட்டனின் ஒரு காலையும் அதோடு இணையுங்கள். பட்டனின் மறு கால் 6-க்கு. நான்கு திசை ஒயர்களும் 1 முதல் 4 வரை, அந்தந்தத் திசைக்கு.

பலரும் தடுமாறும் இடம்

என் முதல் ஸ்டிக்கில் மேலே தள்ளினால் ஆட்டத்தில் கீழே போனது. ஒரு மாலை முழுக்க சால்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் வேறு. ஸ்டிக் நடுவில் ஊன்றி நிற்கிற நெம்புகோல். பிடி மேல் பக்கம் சாய்ந்தால் அடிமுனை கீழ்ப் பக்கம் நகர்ந்து, அங்கிருக்கும் சுவிட்சைத்தான் அழுத்தும். ஆகவே நமக்குக் கீழே தெரியும் சுவிட்சுதான் 'மேல்'. இடமும் வலமும் இதேபோல் மாறித்தான் இருக்கும். பெட்டியைக் கவிழ்த்து வைத்து வேலை செய்யும்போது குழப்பம் இன்னும் கூடும். கண்ணை நம்பாமல், பிடியைத் தள்ளி எந்த சுவிட்ச் 'கிளிக்' என்கிறது என்று கேட்டு ஒயரைச் சேருங்கள்.

செருகுவதற்கு முன்

மீட்டரின் ஒரு முனையை 8-இல் வைத்து, 1, 2, 3, 4, 6 என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். அந்தந்தத் திசையில் தள்ளும்போது மட்டும், 6-இல் பட்டனை அழுத்தும்போது மட்டும் பீப் வர வேண்டும். 7-க்கும் 8-க்கும் நடுவே பீப் வந்தால் செருகவே கூடாது.

பேக்மேன் ஆடுபவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஜேஎல்எஃப்பின் அடியில் பிடியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சதுரத் தட்டு உண்டு. அதை 45 டிகிரி திருப்பி மாட்டினால் மூலைகள் நான்கு திசைகளுக்கு நேராக வந்துவிடும், பிடி குறுக்கே போகாது. குறுகிய சந்துகளில் திரும்பும்போது வித்தியாசம் விரலிலேயே தெரியும். எட்டுத் திசையும் வேண்டிய ஆட்டத்துக்குத் தட்டைப் பழையபடி திருப்பிக்கொள்ளுங்கள்.