கவுண்டர் மூடியிருந்தா நாம பண்ணுத தப்புகள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஸ்டேஷன்கள்ல டிக்கெட் எடுக்குத விதமே மாறிப்போச்சு. முன்ன ஜன்னல்ல காச நீட்டினா டிக்கெட் வரும், அவ்வளவுதான். இப்ப ஒரு இடத்துல மிஷின் நிக்கும், இன்னொரு சின்ன ஸ்டேஷன்ல கமிஷனுக்கு டிக்கெட் குடுக்குத ஏஜென்ட் இருப்பாரு, மத்ததெல்லாம் போன்ல ஆப்புல எடுத்துக்கிடுங்கன்னு சொல்லிருதாங்க. ரெண்டு ஜன்னல் இருக்குத இடத்துல ஒண்ணுல ஷட்டர் இறக்கிக் கெடக்கும், மத்ததுல வால் நீளமா வரிசை நிக்கும், வண்டி வார சத்தம் கேக்கும், அப்பதான் எல்லா தப்பும் நடக்குது.

அதுல பெரிய தப்பு, "கவுண்டர்ல ஆள் இல்ல, நான் என்ன செய்ய முடியும்"னு அப்படியே வண்டில ஏறுதது. நியாயமா தோணும், ஆனா சட்டம் அப்படி பாக்கல. 1989 ரயில்வே சட்டத்துல 138ம் பிரிவு இருக்கு, டிக்கெட் இல்லாம பிடிபட்டா டிக்கெட் காசோட அபராதமா அதே அளவு காசு இல்லன்னா 250 ரூபா, இதுல எது அதிகமோ அது கட்டணும். எங்க ஏறினீங்கன்னு சந்தேகம் வந்துட்டா வண்டி எந்த ஊர்ல கெளம்புச்சோ அங்க இருந்தே கணக்கு போடுவாங்க. இரணியல்ல ஏறினவங்களுக்கு சென்னைல இருந்து கணக்கு வந்தா எவ்வளவு ஆகும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. இதுக்கு ஒரு வழியும் அதே சட்டத்துல உண்டு, அது நிறைய பேருக்கு தெரியாது. டிக்கெட் எடுக்க வழியே இல்லன்னா வண்டில ஏறுததுக்கு முன்னாலயே கார்டையோ டிடிஇயையோ (வண்டில டிக்கெட் செக் பண்ணுதவர்) பாத்து விஷயத்த சொல்லி, பின்னால காசு கட்டிக்கிடுதேன்னு அனுமதி வாங்கி சர்டிபிகேட் எழுதி வாங்கிக்கிடலாம், 55ம் பிரிவு அதுக்குத்தான். பிடிபட்ட பிறகு சொன்னா செல்லாது, நாமளா முன்னால போயி சொல்லணும். கார்டுக்கு இப்ப ட்ரெயின் மேனேஜர்னு பேரு மாத்திட்டாங்க, கடைசிப் பெட்டில இருப்பாரு.

அடுத்தது ஸ்க்ரீன்ஷாட். இத எத்தன தடவ சொன்னாலும் பத்தாது. மவன் பெங்களூர்ல இருந்து ஆப்புல டிக்கெட் போட்டு வாட்ஸ்ஆப்புல அனுப்பிருவான், அம்மா அத டிடிஇகிட்ட காட்டுவாங்க, அது டிக்கெட்டே இல்லன்னு சொல்லி ஃபைன் எழுதிருவாரு. ரிசர்வேஷன் இல்லாத, போன்லயே காட்டுத அன்ரிசர்வ்டு பேப்பர்லெஸ் டிக்கெட் எந்த போன்ல போட்டாங்களோ அந்த போன் கூடவே வரணும், ஆப்புக்குள்ள போயி 'ஷோ டிக்கெட்'ல தொறந்து காட்டணும். நெட் இல்லாட்டியும் காட்டலாம், ஆனா போன் செத்துப்போனா டிக்கெட்டும் செத்த மாதிரிதான், அதனால சார்ஜ் பாத்துட்டு கெளம்புங்க.

இதே ஆப்புல இன்னொரு குழி இருக்கு. டிக்கெட் போடும்போது பேப்பரா பேப்பர்லெஸ்ஸான்னு கேக்கும், அவசரத்துல பேப்பர்னு அமுக்கிட்டா காசு போயிரும், ஒரு புக்கிங் நம்பர் வரும், டிக்கெட் வந்துட்டுன்னு நெனச்சு ஏறிருவாங்க. அந்த நம்பர வச்சு மிஷின்லயோ கவுண்டர்லயோ பிரிண்ட் எடுத்தாத்தான் டிக்கெட், எடுக்கலன்னா காசு கட்டியும் டிக்கெட் இல்லாத ஆளுதான். பேப்பர்லெஸ்ஸா பிளாட்பாரத்துக்கு வந்து நின்னுட்டு போடப் பாத்தாலும் எடுக்காது, தண்டவாளத்துக்கு பக்கத்துல இருக்கோம்னு ஜிபிஎஸ் தடுத்துரும். ஒண்ணு ரோட்டுலயே நின்னு போட்டுட்டு உள்ள வரணும், இல்லன்னா ஸ்டேஷன்ல ஒட்டி வச்சிருக்குத க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணணும். 2025 ஜூலைல வந்த ரயில்ஒன் ஆப்புல ரிசர்வேஷனும் அன்ரிசர்வ்டும் ஒண்ணா இருக்கு. அத வீட்டுல இருந்தே இறக்கி, லாகின் பண்ணி, ஆப்புக்குள்ள முன்கூட்டியே காசு போட்டு வைக்குத ஆர்-வாலட்ல கொஞ்சம் காசும் போட்டு வச்சிருங்க, வண்டி வாரப்போ ஓடிபிக்கு காத்து நிக்க முடியாது.

எந்த வண்டிக்கு டிக்கெட்டுன்னு பாக்காம எடுக்குததும் நம்ம ஊர்ல ரொம்ப நடக்குது. கவுண்டர்ல ஆள் இருந்தப்ப "எந்த வண்டிக்கு"ன்னு அவரே கேப்பாரு, மிஷினும் ஆப்பும் ஆர்டினரியா (பாசஞ்சர் வண்டி), மெயில் எக்ஸ்பிரஸ்ஸா, சூப்பர்ஃபாஸ்ட்டான்னு நம்மகிட்டதான் விட்டுரும். ஆர்டினரிக்கு குறைஞ்சது 10 ரூபா, எக்ஸ்பிரஸ்ஸுக்கு 30, சூப்பர்ஃபாஸ்ட்னா அதுக்கு மேல 15. காசு குறைவா இருக்கேன்னு பாசஞ்சர் டிக்கெட்ட எடுத்துட்டு முன்னால வார கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஏறினா, அது சூப்பர்ஃபாஸ்ட், வித்தியாசத்தோட ஃபைனும் சேந்து வரும். அதுமாதிரி நாகர்கோவில் ஜங்ஷனும் டவுனும் வேற வேற ஸ்டேஷன், சில வண்டி கோட்டாறு பக்கம் ஜங்ஷனுக்குள்ள வராம டவுன் வழியாவே போயிரும். வண்டி எதுல நிக்கும்னு பாத்துட்டு அந்த பேரத்தான் ஆப்புல போடணும்.

நேரமும் முக்கியம். 199 கிலோமீட்டருக்குள்ள போற டிக்கெட் அன்னைக்கு பயணத்துக்கு மட்டும்தான், எடுத்த மூணு மணி நேரத்துக்குள்ள இல்லன்னா அந்த ஊருக்கு அடுத்து வார முதல் வண்டிக்குள்ள கெளம்பிரணும். திருவனந்தபுரம், திருநெல்வேலி எல்லாம் இந்த கணக்குலதான் வரும், காலைல கூட்டமா இருக்கும்னு முந்தின நாள் ராத்திரியே எடுத்து வச்சா பிரயோஜனம் இல்ல. மதுரை மாதிரி 200க்கு மேல போறதுன்னா மூணு நாள் முன்னாலயே எடுக்கலாம், ஆக கவுண்டர் சும்மா இருக்குத நேரத்துல போயிட்டு வந்துருங்க.

ரிசர்வேஷன் கவுண்டருக்கு பாரம் எழுதும்போது மொபைல் நம்பர் கட்டத்த காலியா விடுதது, இல்லன்னா பாரம் எழுதிக் குடுத்தவரோட நம்பரப் போடுதது, பின்னால ரொம்ப படுத்தும். கவுண்டர்ல எடுத்த டிக்கெட்ட கவுண்டர் மூடின பிறகும் ஐஆர்சிடிசி சைட்லயோ 139ங்கிற ரயில்வே ஹெல்ப்லைன் நம்பர்லயோ கேன்சல் பண்ண முடியும், ஆனா ஓடிபி பாரத்துல எழுதுன நம்பருக்குத்தான் வரும். அது நம்ம நம்பரா இல்லன்னா விடியுதவரைக்கும் கையப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். கேன்சல் பண்ணினாலும் டிக்கெட் பேப்பர கிழிச்சுப் போட்டுராதீங்க, அத கவுண்டர்ல குடுத்தாத்தான் காசு கைக்கு வரும். நெட்ல எடுத்த இ-டிக்கெட்ட கவுண்டர்ல கொண்டுபோயி கேன்சல் கேட்டாலும் நடக்காது, நெட்லயே பண்ணணும். ரிசர்வேஷன் கவுண்டர் பொதுவா காலைல 8ல இருந்து ராத்திரி 8 வரைக்கும், ஞாயித்துக்கிழமை மத்தியானம் 2 மணியோட சரி.

கடைசியா சொல்லுததத்தான் நான் ரொம்ப பெரிய தப்பா நெனைக்கேன். "எல்லாவனும் போன்லதான எடுக்கான், கவுண்டர் போனா போகட்டும்"னு விட்டுருதது. காலைல திருவனந்தபுரம் வண்டிக்கு நிக்குதவங்களப் பாருங்க, ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கும் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரிக்கும் மெடிக்கல் காலேஜுக்கும் ஸ்கேன் கவர மடியில வச்சுக்கிட்டு, முந்தானைல காச முடிஞ்சு வச்சு, பட்டன் போனோட வாரவங்க இருக்காங்க. மிஷின் முன்னால நின்னு கண்ண இடுக்கி ஸ்க்ரீனத் தொடலாமா வேண்டாமான்னு யோசிச்சு, பின்னால நிக்குத பையன்கிட்ட "மக்கா, இத கொஞ்சம் அமுக்கித் தாயேன்"னு கேக்காங்க. அவங்களுக்கு ஆப் பதில் ஆகாது. இங்கிலாந்துல 2023 ஜூலைல ரயில் கம்பெனிகள் டிக்கெட் ஆபீஸ்கள பெரும்பாலும் மூடிருவோம்னு அறிவிச்சப்ப, நூத்துக்கு 12 டிக்கெட்தான் ஜன்னல்ல விக்குதுன்னு காரணம் சொன்னாங்க. வயசானவங்களும் மாற்றுத்திறனாளிகளும் முன்னால நின்னு எதிர்த்தாங்க, கிட்டத்தட்ட ஏழரை லட்சம் கருத்து போச்சு, அக்டோபர் 31ம் தேதி அரசாங்கம் திட்டத்த வாபஸ் வாங்கச் சொல்லிருச்சு. ஜன்னல நம்பியிருந்த அந்த கொஞ்ச பேருக்காக மத்தவங்களும் எழுதினதாலதான் அது நடந்துச்சு.

நம்ம ஸ்டேஷன்கள் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்துல இருக்கு, அதனால புகார் அங்க போகணும். பேஸ்புக்ல திட்டிட்டு விட்டா யார் கைக்கும் போகாது. ரயில்மதத்ங்கிற ரயில்வே புகார் ஆப்புலயோ 139லயோ பதிஞ்சு நம்பர் வாங்குங்க, ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட புகார் புக்கு கேட்டும் எழுதலாம், எம்பி ஆபீஸுக்கும் ஒரு காப்பி போடுங்க. "கவுண்டர் சரியில்ல"ன்னு பொதுவா எழுதாம, எந்த ஸ்டேஷன், என்ன தேதி, எத்தன மணிக்கு ஜன்னல் மூடிக் கெடந்துச்சு, மிஷின் ஓடுச்சா, வரிசைல எத்தன பேரு நின்னாங்க, எந்த வண்டி போச்சுன்னு எழுதுங்க. மூடின ஜன்னல்ல நேரம் எழுதி ஒட்டியிருந்தா அதையும் ஒரு போட்டோ எடுத்து சேத்துருங்க.